பேட்டரியின் பின்பக்கத்துக் கீறல்

எனக்குச் சந்தேக புத்தி. இதை நான் சொல்வதற்கு முன்பே என் மனைவி சொல்லிவிடுவாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் சொம்பைச் சாய்த்துப் பார்ப்பேன். ரயில் டிக்கெட்டில் தேதியை மூன்று முறை படிப்பேன், வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு நான்காவது முறை. வகுப்பில் ஒரு பையன் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டால் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனின் பேப்பரைத் தேடுவேன். இந்தப் புத்தி ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் பன்னிரண்டு வருஷம் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தது. அவர் எங்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார். நான் பௌதிகம். ஸ்டாஃப் ரூமில் எங்கள் மேஜைகள் ஒட்டியிருந்தன.

அவர் கத்தோலிக்கர், வீடு புத்தூரில். நான் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி. எண்பதுகளின் தொடக்கத்தில் தில்லை நகரில் ஒரு டாக்டர் தன் பழைய காரை விற்பதாகக் கேள்விப்பட்டோம். தனித்தனியாக வாங்க இருவருக்கும் வக்கில்லை. சேர்ந்து வாங்கினோம். புதன்கிழமையிலிருந்து அடுத்த புதன்கிழமை வரை ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் எனக்கு. புதன் காலை யார் முறையோ அவர் பள்ளிக்குக் காரைக் கொண்டுவர வேண்டும். சாயங்காலம் அடுத்தவர் ஓட்டிக்கொண்டு போவார். ஸ்டாஃப் ரூமில் எங்களைப் பார்த்து, "குழந்தையை யாருகிட்ட விட்டிருக்கீங்க இந்த வாரம்?" என்று கேட்பார்கள்.

கார் வந்த முதல் நாளே ஒரு சிக்கல். அவர் மனைவி கையில் ஒரு சின்ன மாதா சுரூபத்தோடு நின்றார். என் மனைவி கையில் பெருமாள் படம். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாஷ்போர்டோ ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல்.

கணக்கு வாத்தியார்தான் தீர்த்துவைத்தார். "ரெண்டு பேரும் மேல இருந்தே பாத்துக்கட்டுங்க. இங்க ஒண்ணும் வைக்க வேண்டாம்."

அப்படியே முடிவாயிற்று. திருச்சியிலேயே சாமி இல்லாத டாஷ்போர்டு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

அலாரம் வைக்கும் யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. எங்கள் வீதியில் ஒருவருடைய காரின் கண்ணாடியை உடைத்து டேப் ரிக்கார்டரைத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கணக்கு வாத்தியார் சிரித்தார். "நம்ம வண்டியில திருட என்ன சார் இருக்கு? நாமளே தேடினாலும் ஒரு குடைதான் கிடைக்கும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பத்திரிகையில் நீங்களே செய்யலாம் என்று கார் அலாரத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். பௌதிகம் படித்தவன் இதைச் செய்யாவிட்டால் படித்து என்ன பிரயோஜனம் என்று ஒரு ரோஷம் வந்தது. பழைய சாமான் கடையில், ஹாரனைத் தட்டிவிட ஒரு ரிலேயும் உபரியாக ஒரு ஹாரனும் பத்து கஜம் வயரும் வாங்கினேன்.

என் முறை வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். விஷயம் எளிதுதான். கார்க் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது அல்லவா, அந்த வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து ரிலேக்குக் கொடுத்தேன். கதவு திறந்தால் ஹாரன் அலறும். நிறுத்துவதற்கு சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய ஸ்விட்ச். மின்சாரத்தை நேராகப் பேட்டரியிலிருந்தே இழுத்தேன், நடுவில் பியூஸ் கிடையாது. திருடன் பியூஸைப் பிடுங்கிவிட்டால்? அவ்வளவு தூரம் யோசித்தவன், வயர்களைச் சேர்த்த இடத்தில் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பை இரண்டே சுற்று சுற்றி விட்டுவிட்டேன். சாயங்காலம் சோதனைக்காகக் கதவைத் திறந்தேன். ஹாரன் போட்ட கூச்சலில் பாதி வீதி வாசலுக்கு வந்துவிட்டது. என் மனைவி தோசைத் திருப்பியோடு ஓடி வந்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது திருடர்கள் என்னென்ன வழிகளில் காரைத் திறப்பார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நம்மாத்து வண்டிக்குக்கூட வருவாளோ?"

"ஏன் வரமாட்டா? யாரையும் நம்ப முடியாது."

அவள் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காரைக் கொடுத்தேன். ஒரு வாரம் அவரிடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை காலை சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கோவிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் நாலு பேர் நெற்றி நாமத்தோடு தள்ளினார்கள். "வாத்தியார் சார், சத்தம் போடற வண்டின்னு சொன்னேள், மூச்சே காணோமே!" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த நாள், சத்திரம் பஸ் நிலையத்துக்கு முன்னால் இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டேன். அலார ஹாரன் விளக்கோடு சேர்ந்து விட்டு விட்டு அடித்தது. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என் பரம்பரையையே விசாரித்தார். திங்கட்கிழமை அதைவிட மோசம். பள்ளி வாசலில் காரை நிறுத்திச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவி என் கையில், கார் அதுபாட்டுக்கு ஓடுகிறது. கியரைப் போட்டு கிளட்சை விட்டுத்தான் அதை அடக்கினேன்.

புதன்கிழமை கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார். நேத்து வரைக்கும் ஏழு நாள் உங்ககிட்ட. அதுக்கு முன்னாடி எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை மீன் வாங்கக்கூட வண்டியிலதான் போனோம்." அடுத்த வாரமும் அவரிடம் கார் நன்றாகவே ஓடியது. என்னிடம் வந்த இரண்டாம் நாளே படுத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. புத்தூரில் ஓடுகிற கார் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஏன் படுத்துக்கொள்கிறது? கார் ஒன்று, பெட்ரோல் ஒன்று, ஓட்டுகிறவர்கள்தான் வேறு. அவர் வாரத்தில் நல்ல பேட்டரி, என் வாரத்தில் மட்டமான பேட்டரி என்றால்? முதலில் தோன்றியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறை தோன்றியபோது அவ்வளவு வெட்கமாக இல்லை. அவருடைய மைத்துனர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. அது போதாதா எனக்கு?

நான் சோதனை செய்யாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் அணைத்திருக்கும்போது பல்பு எரியக் கூடாது. எரிந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எரிந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அத்தனையையும் பிடுங்கிய பிறகும் எரிந்தது. கதவை ஓங்கிச் சாத்தினேன், அணைந்துவிட்டது. பிறகு எவ்வளவு ஆட்டியும் எரியவில்லை. பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து போகிற வயர் அந்தக் காரில் ஒன்றே ஒன்றுதான், அதைப் போட்டவன் நான்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடக் கண்டுபிடித்திருப்பான். ஆனால் நான் ரகசிய ஸ்விட்சை அணைத்திருந்தேன், ஆகவே அலாரம் நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஸ்விட்ச் வரைக்கும் வருகிற வயரில் மின்சாரம் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவன் நான். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவனுக்கு, தான் முறுக்கிய வயரைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் பாலக்கரையில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இப்ப ஒரு கசிவும் இல்லீங்களே. எதுக்கும் நீங்க மாட்டின அலாரத்தைக் கழட்டிடுங்க சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொழில் தெரியாதவன் மற்றவன் வேலையில் குறை சொல்லுவான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே பள்ளிக்குப் போகும் வழியில் ஓரமாக நிறுத்தி ஒரு காரியம் செய்தேன். பேட்டரியை முன்னால் இழுத்து, அதன் பின்பக்கத்தில், அடியில், விரல் மட்டுமே போகிற இடத்தில் ஓர் ஆணியால் மூன்று கோடுகள் கீறினேன். நடுவில் நீளமாக ஒன்று, இரண்டு பக்கமும் குட்டையாக. அவசரத்தில் கோணலாக விழுந்தது. கீறி முடித்த பிறகுதான் அது நாமம் மாதிரி இருப்பது தெரிந்தது. சாயங்காலம் சாவியை அவர் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த முறை கார் வந்ததும் முதல் வேலையாக விரலை விட்டுத் தடவினேன். கீறல் இருந்தது. ஆறுதல் அடைந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பேட்டரியை மாற்றவில்லை, சரி, அதை என்ன செய்கிறார் என்று யோசித்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து திரவத்தின் அடர்த்தி பார்க்கிற குழாயைக் கொண்டுவந்து பேட்டரியின் ஆசிட்டை அளந்தேன். நீர்த்துப் போயிருந்தது. ஆசிட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறாரோ? பேட்டரி திரும்பத் திரும்பத் தீர்ந்துபோனாலும் ஆசிட் நீர்த்துத்தான் போகும். அதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான்.

அதற்கடுத்த முறை வந்தபோது கார் ஒரே திருகில் கிளம்பியது. பேட்டரியின் மேல்பக்கம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. விரலை விட்டேன், கீறலும் இருந்தது. சரிதான், நான் மோப்பம் பிடித்தது தெரிந்துவிட்டது, பயந்துபோய் சார்ஜ் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒழுங்காக ஓடினாலும் அவர்தான் குற்றவாளி.

வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"நம்ம பேட்டரியை எங்கயாவது, யாருக்காவது குடுத்து வாங்கினீங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வரேன் சார்" என்றார். "வண்டி உங்ககிட்ட இருக்கும்போதே ரெண்டு பேருமா பாத்துடலாம்."

சொன்னபடியே வந்தார், வெள்ளைச் சட்டையும் ஒரு டார்ச்சுமாக. காரை மூடியிருந்த துணியை எடுத்தவர், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, "சாவி போடலையே, டாஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரியுதே?" என்றார். மங்கலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அத்தனை வாரமும் துணியைப் போட்டு மூடிவிட்டு நான் அதைப் பார்க்கவே இல்லை. அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது. "சார், இது என்னது?"

வயர் கற்றையிலிருந்து எதையோ அவிழ்த்துக் கையை வெளியே நீட்டினார். கட்டைவிரல் நீளத்தில் சுருட்டிய ஒரு தாமிரத் தகடு, மேலே மஞ்சள் நூல்.

எனக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. பௌதிகம், ரிலே, அடர்த்தி எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. சுருட்டிய தகடு, மஞ்சள் நூல், மறைவான இடம். செய்வினை. அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"உங்க வீட்ல யார் இதை வச்சது?" என்று கத்தினேன். "எத்தனை நாளா நடக்குது இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பங்கையும் உங்களுக்கே விட்டுட்டு நானே ஒதுங்கியிருப்பேனே!"

அவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்கையில் கிரீஸ். பன்னிரண்டு வருஷத்தில் அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

காபியோடு வாசலுக்கு வந்த என் மனைவி, என் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, அது சக்கரத்தாழ்வார் ரட்சைன்னா! நான்தான் கட்டினேன்."

அலாரம் வைத்த அன்று திருடர்களைப் பற்றி நான் சொன்னதில் அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது. கோவிலில் கேட்டு மந்திரித்த தகடு வாங்கியிருக்கிறாள். டாஷ்போர்டில் ஒன்றும் வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று, அதனால் கண்ணில் படாமல் அடியில் இருந்த வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள். கார் வந்த மறுநாள் வியாழக்கிழமை கட்டுவாள், புதன் காலை காரில் என் சாப்பாட்டுக் கூடையை வைக்கும் சாக்கில் அவிழ்த்துவிடுவாள்.

"எதுக்கு அவுக்கறது?" என்றேன்.

அவள் அவரைப் பார்க்காமல், "மீனெல்லாம் வாங்கிண்டு வருவா. சக்கரத்தை அதுல விடப்படாதுன்னுதான்..." என்று இழுத்தாள்.

கணக்கு வாத்தியார் டார்ச்சை அடித்துக் காட்டினார். கார் வெயிலில் நின்று நின்று என் டேப்பின் பசை இளகி, சுற்று பிரிந்து, இரண்டு இணைப்புகள் அம்மணமாக நின்றன. ஒன்று பேட்டரியிலிருந்து வருகிற என் வயர், இன்னொன்று ஹாரனுக்குப் போவது. தாமிரத் தகடு அவற்றைப் பக்கத்தில் தோல் உரிந்திருந்த பழைய வயர்களோடு சேர்த்துவைத்திருக்கிறது. கார் குலுங்கும்போது இண்டிகேட்டரைத் தொட்டால் ஹாரன், சாவி வயரைத் தொட்டால் இன்ஜின் நிற்காது. தொட்டபடியே நின்றுவிட்டால் ராத்திரிக்குள் பேட்டரி காலி. புதன்கிழமை தகடு போய்விடும், கோளாறும் போய்விடும். எலக்ட்ரீஷியனிடம் நான் போனதும் ஒரு புதன்கிழமைதான்.

"தப்பு ஒண்ணும் இல்லைங்க" என்றார் அவர், என் மனைவியிடம். "பெருமாள் ஒழுங்காத்தான் காவல் இருந்திருக்காரு. சார்தான் டேப்பைச் சரியா சுத்தலை."

அலாரத்தை அவரே கழற்றினார். ஒவ்வொரு இணைப்பிலும் ஆறு சுற்று டேப் சுற்றினார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிச்சுக்குங்க என்று சொன்னேன், எனக்கே கேட்காத குரலில். "விடுங்க சார்" என்றார். காபியைக் குடித்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேண்டாம் சார், பஸ் இருக்கு" என்று நடந்தார். நான் வாசலிலேயே நின்றேன். கார் போனாலும் போகிறது, இந்த மனிதர் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் போகவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல என்னிடம் சாக்பீஸ் கடன் கேட்டார். புதன்கிழமைகள் தொடர்ந்தன. நான் கத்தியதை ஒரு வாய்த்தவறாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார், என் மனதில் ஓடியது எதுவும் அவருக்குத் தெரியாது என்று நான் தைரியமாக இருந்தேன். பேட்டரிக் கீறல் என் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த அசிங்கம், அது என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்துப் பேட்டரி உட்காருகிற இரும்புத் தட்டு துருப்பிடித்திருந்ததால், அதற்குப் பெயிண்ட் அடிப்பதற்காகப் பேட்டரியை முழுவதுமாக வெளியே தூக்கி வைத்தேன். அதுவரை விரலால் தடவிய கீறலை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மூன்று கோடுகள். நடுவில் நீளம், பக்கத்தில் இரண்டு குட்டை. ஆனால் கோணல் இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி மூன்றும் நேராக, சம இடைவெளியில் இருந்தன. எனக்கு அப்படிக் கோடு போட வராது. கரும்பலகையில் வெறுங்கையால் அப்படிக் கோடு போடுகிற ஒருவர்தான் எங்கள் பள்ளியில் இருந்தார்.

நாங்கள் வழக்கமாகப் போகிற பேட்டரிக் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பார்த்ததும் சொன்னார்.

"இது கணக்கு வாத்தியார் சார் புதுசா மாத்திக்கிட்டுப் போனதுல்ல? பழசு தேறலைன்னுட்டேன். பழசுக்குப் பின்னாடி என்னமோ கீறல் இருந்துச்சுங்க. அதைப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மாவே உக்காந்திருந்தாரு. அப்புறம் ஒரு ஆணி கேட்டாரு. அவரே குத்தவச்சு உக்காந்து, புதுசுலயும் அதே எடத்துல கீறிக்கிட்டாரு. அடையாளம் போலிருக்குன்னு நானும் கேட்டுக்கலை."

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு என் வீட்டுக்கு வந்தபோதே அவருக்கு எல்லாம் தெரியும். பனியனோடு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்ததும், நான் கத்தியபோது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததும், எல்லாம் தெரிந்துதான்.

மறுநாள் அவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"பேட்டரி மாத்தினதை ஏன் சார் எங்கிட்ட சொல்லலை?"

சிவப்புப் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். எந்த பேட்டரி என்று கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா என்ன நினைச்சிருப்பீங்க சார்?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"நல்லா இருந்த பழைய பேட்டரியை நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு நினைச்சிருப்பேன்."

"அதான் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் சொல்லுவாரே, அப்படித்தான் சொன்னார். பிறகு குனிந்து அடுத்த பேப்பரை எடுத்தார்.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அந்தக் காரை வைத்திருந்தோம். என் மனைவியே புதன்கிழமை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டாள். தகடு, வயரே இல்லாத மூலை ஒன்றில் மஞ்சள் நூலோடு இருந்தது, மீன் வாங்கவும் போய் வந்தது. காரை விற்ற அன்று வாங்குகிறவர் பேட்டரியைத் திருப்பிப் பார்த்து, இது என்ன நாமம் மாதிரி என்று கேட்டார். கணக்கு வாத்தியார் என்னைப் பார்க்காமலே, "அது நான் போட்டதுங்க" என்றார்.